இருதயத்தின் ஓசையைக் கேட்ட டாக்டர் லாயெனெக்

டாக்டர் நம் மார்பிலே ஸ்டெதாஸ்கோப்பை வைத்ததும், மூச்சை நன்றாக இழுத்து விடும்படி சொல்லுகிறார். சற்றுப் பொறுத்து மூச்சை அடக்கிக்கொள்ளச் சொல்லுகிறார். சிலரை முன்னே குனிந்து உட்காரச் செய்து, மூச்சை முழுவதும் வெளியே விட்டபின் மறுபடியும் காது கொடுக்கிறார். இருதயத்தைச் சோதிக்க வந்தவர் மூச்சைப் பற்றி ஏன் இவ்வளவு அக்கறை கொள்ளுகிறார் என்று நம்மில் பலர் எண்ணியிருக்கலாம். அதற்குத் தக்க காரணம் உண்டு. அதை அறிந்துகொள்வதற்கு, 200 ஆண்டுகளுக்கு முன் பிரெஞ்சு தேசத்தில் வாழ்ந்த ஒரு கத்தோலிக்க வைத்தியரின் சரித்திரத்தை அறிவது நலம். அவருடைய பெயர் ரெனே லாயெனெக்.

பிரெஞ்சு தேசத்தின் மேற்குக் கோடியில், கடலை ஒட்டியிருக்கும் பிரிட்டனி நாட்டில் கெம்பேர் என்ற பட்டணத்தில் 1781-ம் ஆண்டு பிப்ரவரி 17-ந் தேதி அவர் பிறந்தார். அவருக்கு ஐந்து வயதாயிருக்கையில் தாயார் இறந்துபோனாள். தகப்பனார் வக்கீல், இனிமையாகப் பேசுவார், பாட்டுக் கட்டுவார், ஆனால் குடும்பப் பொறுப்பு அவரிடம் நிலைக்கவில்லை. ஆகையால் தாயில்லாப் பிள்ளைகள் உறவினர் வீடுகளுக்குப் போக வேண்டியதாயிற்று. ரெனேயையும் அவன் தம்பியையும் முதலில் குருவானவராயிருந்த உறவினர் ஒருவர் ஏற்றுக்கொண்டார். பிறகு 1788-ல் நாந்த் நகரத்தில் வைத்தியராயிருந்த சிற்றப்பா கில்லோம் லாயெனெக் இருவரையும் தம் வீட்டில் சேர்த்து, சொந்தப் பிள்ளைகளைப் போல் வளர்த்தார்.

அடுத்த ஆண்டே பிரெஞ்சுப் புரட்சி மூண்டது. 1793-ம் ஆண்டில் நாந்த் நகரம் பட்ட பாட்டைச் சரித்திரம் மறக்கவில்லை. சிற்றப்பாவின் வீடு இருந்த சதுக்கத்திலேயே தலை வெட்டும் இயந்திரத்தை நாட்டினார்கள். கோயில்கள் அடைக்கப்பட்டன. புரட்சி அரசுக்குப் பிரமாணம் செய்ய மறுத்த குருக்களில் ஏறத்தாழ 90 பேரை ஓர் இரவில் படகில் ஏற்றி லுவார் ஆற்றில் மூழ்கடித்தார்கள். அப்போது ரெனேக்கு வயது பன்னிரண்டு. மனித உயிர் மலிந்துபோன அந்தப் பட்டணத்தில், ஒவ்வொரு நோயாளியின் உயிரையும் விலையேறப்பெற்றதாக எண்ணிச் சிகிச்சை செய்த சிற்றப்பாவைப் பார்த்துத்தான் அந்தச் சிறுவன் வளர்ந்தான். பதினாலாம் வயதில் அவரிடமே ஆஸ்பத்திரியில் வைத்தியம் பயிலத் தொடங்கினான்.

1801-ல், இருபது வயது வாலிபராய், லாயெனெக் பாரீஸ் நகரம் சேர்ந்தார். உயரம் குறைந்தவர், மெலிந்த தேகம், அடிக்கடி மூச்சு முட்டும் நோயும் உண்டு. கையில் காசும் போதாது. ஆனால் படிப்பிலே அவரை விஞ்ச ஆளில்லை. ஷரித்தே ஆஸ்பத்திரியில் நெப்போலியனின் வைத்தியரான கொர்விசார் அவருக்கு ஆசிரியராய் வாய்த்தார். மார்பைக் கைவிரலால் தட்டி, அந்தச் சத்தத்தைக் கொண்டு உள்ளே இருப்பதை அறியும் முறையை மாணவர்களுக்குக் கற்பித்தவர் இவரே. வியன்னா நகரத்து வைத்தியரான அவுவன்புருக்கர் 1761-ல் வெளியிட்ட முறை அது; உலகம் அதை ஏறக்குறைய மறந்திருந்தது. 1803-ல் மருத்துவத்திலும் ரண சிகிச்சையிலும் முதல் பரிசு லாயெனெக்குக் கிடைத்தது. மறு ஆண்டு டாக்டர் பட்டம் பெற்றார்.

அதே 1803-ம் ஆண்டில் வேறொரு காரியமும் நடந்தது. வேதத்தை விட்டு விலகுவதே கல்விமான்களுக்கு அழகு என்று எண்ணப்பட்ட காலம் அது. முன்னே சேசு சபையைச் சேர்ந்தவரான தெல்புயி சுவாமியார் பாரீஸில் மாணவர்களுக்காக மாதா சபை ஒன்றை நடத்தி வந்தார். லாயெனெக் அதில் சேர்ந்தார். சிறு வயதில் கண்டு வளர்ந்த விசுவாசத்தை இப்பொழுது மனமறிந்து தழுவிக்கொண்டார். அன்று பிடித்த பிடியை அவர் சாகும்வரை விடவில்லை.

துக்கங்களும் அவரைத் தொடர்ந்து வந்தன. க்ஷயரோகம் என்னும் காசநோய் அந்தக் காலத்தில் ஐரோப்பாவை அரித்துக்கொண்டிருந்தது. கூடவே வளர்ந்த தம்பியை 1810-ல் அது கொண்டுபோயிற்று. அந்த நோயையே ஆராய்ந்து நூல் எழுதின அவருடைய உற்ற நண்பர் டாக்டர் பெயிலும் 1816-ல் அதே நோயால் மாண்டார். இறந்தவர்களுடைய உடலைத் திறந்து பார்க்கையில் நோயின் அடையாளங்கள் தெளிவாய்த் தெரியும். ஆனால் உயிரோடு இருக்கும்போதே அவற்றை அறிய வழி ஏது? இந்தக் கேள்வி லாயெனெக்கின் மனத்தை விட்டு நீங்கவில்லை.

1814-ல் யுத்தத்தில் காயம்பட்ட போர்வீரர்கள் பாரீஸில் வந்து குவிந்தார்கள். அவர்களில் பிரிட்டனி நாட்டு ஏழைப் பையன்கள் பலர். பிரெஞ்சு மொழி அறியாதவர்கள். தங்கள் வலியைச் சொல்லவும் வாயில்லாமல், பேச்சுத்துணையும் இல்லாமல் அவர்கள் தவித்தார்கள். லாயெனெக் அவர்களைச் சல்பெத்ரியேர் ஆஸ்பத்திரியில் ஒன்றாகச் சேர்த்துத் தாமே பொறுப்பேற்று, அவர்களுடைய தாய்மொழியிலேயே பேசிப் பராமரித்தார். ஒருவன் சொல்லுவதைப் புரிந்துகொள்ளாமல் அவனைக் குணப்படுத்த முடியாது என்பது அவருக்கு நன்றாய்த் தெரியும்.

1816-ல் நெக்கேர் ஆஸ்பத்திரியின் வைத்தியராக நியமிக்கப்பட்டார். அந்த ஆண்டில்தான் அவர் பெயரை நிலைநிறுத்திய சம்பவம் நடந்தது. இருதய நோயின் அறிகுறிகளோடு ஓர் இளம்பெண் அவரிடம் வந்தாள். சற்றுப் பருமனான உடல். ஆகையால் விரலால் தட்டிப் பார்ப்பதில் பயனில்லை. நேராக மார்பில் காதை வைத்துக் கேட்கும் வழக்கம் சில வைத்தியரிடம் இருந்தது. ஆனால் அவளுடைய இளமையையும் பெண்மையையும் எண்ணி அதற்கு அவர் உடன்படவில்லை. அப்பொழுது ஒரு சிறு உண்மை அவர் நினைவுக்கு வந்தது. நீண்ட மரத்துண்டின் ஒரு முனையைக் குண்டூசியால் கீறினால், மறுமுனையில் காதை வைத்திருப்பவனுக்கு அந்தச் சத்தம் தெளிவாய்க் கேட்கும். உடனே சில காகிதத் தாள்களை எடுத்து இறுகச் சுருட்டி, ஒரு முனையை அவள் மார்பிலும் மறுமுனையைத் தம் காதிலும் வைத்தார். நேரே காதை வைத்துக் கேட்பதைக் காட்டிலும் இருதயத்தின் ஓசை எவ்வளவோ தெளிவாய்க் கேட்டது!

ஒரு பெண்ணின் மானத்தைக் காக்க அவர் எடுத்த முயற்சியிலிருந்து உலகமெல்லாம் பயன் பெற்றது. புண்ணியம் அறிவுக்கு இடைஞ்சல் என்று பேசுகிறவர்கள் இதைச் சற்றே எண்ணிப் பார்க்கட்டும்.

காகிதச் சுருளுக்குப் பதிலாக மரத்தில் ஒரு குழாய் செய்ய முனைந்தார். வீட்டிலேயே கடைசல் பட்டறை வைத்துத் தம் கையாலேயே கடைந்தார். ஏறக்குறைய ஓர் அடி நீளம். நடுவிலே மெல்லிய துவாரம். மார்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்கு ஸ்டெதாஸ்கோப் என்ற பெயர் வந்தது. அதன்பின் மூன்று ஆண்டுகள் ஆஸ்பத்திரியில் கட்டில் கட்டிலாகச் சென்று கேட்டார். கேட்டதைக் குறித்து வைத்தார். நோயாளி இறந்துபோனால் உடலைத் திறந்து, தாம் கேட்ட ஓசைக்கும் உள்ளே காணும் பழுதுக்கும் ஒப்பிட்டுப் பார்த்தார். 1819-ல் எல்லாவற்றையும் இரண்டு பாகங்களுள்ள நூலாக வெளியிட்டார்.

அவருடைய குணத்தைக் காட்டும் ஒரு சிறு காரியத்தை இங்கே சொல்ல வேண்டும். நோயுற்ற நுரையீரலில் கேட்கும் கரகரப்புக்கு அவர் இட்ட பிரெஞ்சுப் பெயர், சாகுந்தறுவாயில் தொண்டையில் கேட்கும் இழுப்பைச் சாதாரண ஜனங்கள் குறிப்பிடும் சொல்லாகும். அதைப் படுக்கையண்டையில் சொன்னால் நோயாளி தன் முடிவு நெருங்கிவிட்டதென்று பயப்படுவானே! ஆதலால் நோயாளிக்கு முன் பேசுகையில் அதற்குப் பதிலாக இலத்தீன் சொல்லையே வழங்கினார். வியாதிக்காரருக்கு எதிரிலேயே நின்றுகொண்டு அவருடைய வியாதியைப் பற்றிக் கவலையில்லாமல் பேசும் பழக்கம் நம்மிடம் உண்டல்லவா?

இனி முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். இருதயத்தில் ஒவ்வொரு துடிப்புக்கும் இரண்டு ஓசைகள் உண்டு. லாயெனெக் இரண்டையும் தெளிவாய்க் கேட்டார். முதல் ஓசை இருதயத்தின் கீழறைகள் சுருங்கும் சமயத்தில் எழுகிறது என்று அவர் சொன்னது சரியே. இரண்டாம் ஓசை மேலறைகள் சுருங்குவதால் உண்டாகிறது என்று அவர் எண்ணியது தவறு. அவர் இறந்து ஆறு ஆண்டுகளுக்குப் பின், 1832-ல் ரூவானே என்பவர், இருதயத்தின் கதவுகளாகிய வால்வுகள் மூடுவதாலேயே இந்த ஓசைகள் உண்டாகின்றன என்று எடுத்துக் காட்டினார். கீழறைகளிலிருந்து இரத்தம் வெளியேறும் வாசல்கள் இரண்டு. வலப்பக்க வாசல் நுரையீரலுக்கும், இடப்பக்க வாசல் தேகமெங்கும் இரத்தத்தை அனுப்புகிறது. இரத்தம் வெளியேறியபின் இந்த இரண்டு வாசல்களும் மூடும் சத்தமே இரண்டாம் ஓசை.

கோயில்பிள்ளை இரவில் கோயிலின் இரட்டைக் கதவை அடைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கதவுகளும் ஒரே சமயத்தில் மூடினால் ஒரே சத்தம் கேட்கும். ஒன்று சற்றுப் பிந்தினால் இரண்டு சத்தம் கேட்கும். இருதயத்திலும் அப்படியே. நாம் மூச்சை உள்ளே இழுக்கும்போது மார்பு விரிகிறது. உள்ளே அழுத்தம் குறைகிறது. ஆதலால் தேகத்திலிருந்து இருதயத்தின் வலப்பக்கத்துக்கு அதிக இரத்தம் வந்து சேருகிறது. அதை வெளியே தள்ள வலப்பக்கத்துக்குச் சற்று அதிக நேரம் பிடிக்கிறது; அதன் கதவு பிந்தி மூடுகிறது. அதே சமயம், விரிந்த நுரையீரலில் கொஞ்சம் இரத்தம் தங்கிவிடுவதால் இடப்பக்கத்துக்கு வருவது சற்றுக் குறைகிறது. அதன் கதவு முந்தி மூடுகிறது. எனவே இரண்டாம் ஓசை இரண்டாய்ப் பிரிந்து கேட்கிறது. மூச்சை வெளியே விட்டதும் இரண்டும் மறுபடி ஒன்றாகின்றன. இந்த இடைவெளி ஒரு விநாடியில் சுமார் 25-ல் ஒரு பங்குதான். பழகின காதுக்கு அது கேட்கும். சிறுவரிடமும் வாலிபரிடமும் நன்றாகவே கேட்கும். 1866-ல் பாரீஸ் நகரத்து டாக்டர் பொத்தேன் இதை ஆராய்ந்து விளக்கினார்.

இதனால் என்ன லாபம் என்று கேட்கலாம். சில குழந்தைகள் இருதயத்தின் மேலறைகளுக்கு இடையே துவாரத்தோடு பிறக்கின்றன. வெளிக்கு ஒன்றும் தெரியாது. குழந்தை ஓடி விளையாடும். ஆனால் அப்படிப்பட்ட குழந்தைக்கு, மூச்சை இழுத்தாலும் விட்டாலும் இரண்டாம் ஓசை ஒரே அளவாகப் பிரிந்தே இருக்கும். மூச்சுக்குத் தக்கபடி மாற வேண்டிய ஓசை மாறாமல் நிற்கிறதே என்று டாக்டருக்குச் சந்தேகம் உண்டாகும். எக்கோ பரிசோதனையால் அதை உறுதிசெய்து, காலத்தோடே துவாரத்தை அடைத்துவிட இன்று வழியுண்டு.

அவ்விதமே, வலப்பக்க வால்வில் கோளாறு இருந்தால் அங்கே உண்டாகும் இரைச்சல் மூச்சை இழுக்கும்போது பலக்கும். மெக்ஸிகோ தேசத்து டாக்டர் ரிவேரோ கர்வாயோ 1946-ல் இதை விளக்கி எழுதினார். இடப்பக்கத்து இரைச்சல்கள் பெரும்பாலும் மூச்சை விடும்போதே தெளிவாகும். காற்று நிறைந்த நுரையீரல் தலையணையைப் போல் இருதயத்துக்கு முன்னே வந்து நின்று ஓசையை மறைப்பதும் உண்டு. அதனால்தான் முன்னே குனிந்து மூச்சை முழுவதும் விடச் சொல்லுகிறார்கள். அப்போது இருதயம் மார்புச் சுவரை நெருங்கி வருகிறது. மெல்லிய ஓசையும் கேட்கிறது. ஆகவே டாக்டர் சொல்லும்போது மூச்சை ஒழுங்காக இழுத்து, ஒழுங்காக விட்டு, அடக்கச் சொன்னால் அடக்கி, பேசாமல் இருப்பது நம் கடமை.

லாயெனெக் இவற்றையெல்லாம் அறிந்தவரல்ல. இரண்டாம் ஓசையைப் பற்றி அவர் தவறியதையும் பார்த்தோம். ஆனாலும் பின்வந்தவர்கள் அவரைத் திருத்தியது அவர் கொடுத்த கருவியைக் கொண்டுதானே! தான் கேட்டதை உண்மையாய் எழுதிவைப்பவன் தவறினாலும், அவனுடைய உழைப்பு வீணாவதில்லை.

நூல் வெளிவந்த 1819-லேயே உடல்நலம் கெட்டு, அவர் பிரிட்டனிக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. கெர்லுவார்னெக் என்ற தம் பண்ணையில் வயலையும் மரங்களையும் பார்த்துக்கொண்டிருந்ததில் சற்றுத் தேறினார். 1821-ல் மறுபடியும் பாரீஸ் சென்றார். மறு ஆண்டு கொலேஜ் த பிரான்ஸ் என்ற உயர்ந்த கல்விநிலையத்தில் பேராசிரியரானார். அரச குடும்பத்துக்கும் வைத்தியரானார். பல தேசத்து மாணவர்கள் அவரிடம் வந்தார்கள். அவர்களுக்காக நோயாளியின் அருகில் இலத்தீனில் பாடம் சொன்னார். பரிகாசத்துக்கும் குறைவில்லை. புரூஸே என்ற பேர்பெற்ற வைத்தியர் அவரை ஓயாமல் எதிர்த்தார். லாயெனெக் தம் வேலையை விடவில்லை.

1824 டிசம்பரில், தம் வீட்டை நிர்வகித்து வந்த விதவையான ஜாக்கெத் ஆர்கூ என்ற பெண்மணியை விவாகம் செய்துகொண்டார். ஒருமுறை தம்பதிகள் வண்டியில் பிரயாணம் செய்கையில் ஜெபமாலை சொல்லிக்கொண்டு போனார்களாம். வழியில் வண்டி குடை சாய்ந்தது. வண்டியை நிமிர்த்தி ஏறி உட்கார்ந்ததும், ஒன்றும் நடவாததுபோல, விட்ட மணியிலிருந்தே ஜெபமாலையைத் தொடர்ந்தார்கள் என்று அவருடைய சரித்திரத்தை எழுதினவர்கள் சொல்லுகிறார்கள். காரணமில்லாமலே பாதியில் ஜெபமாலையை நிறுத்திவிடும் குடும்பங்களுக்கு இது நல்ல பாடம்.

1826-ல் தம் நூலைத் திருத்தி இரண்டாம் பதிப்பாக வெளியிட உழைத்தபோது, இருமலும் காய்ச்சலும் அவரைப் பற்றிக்கொண்டன. இளம் டாக்டரும் உறவினருமான மெரியாதெக்கை அழைத்து, ஸ்டெதாஸ்கோப்பால் தம் மார்பைச் சோதித்து, கேட்பதைச் சொல்லும்படி பணித்தார். அந்த இளைஞர் சொன்ன ஓசை எதைக் குறிக்கிறது என்பதை அவரைக் காட்டிலும் நன்றாய் அறிந்தவர் உலகில் எவருமில்லை. அதுவே க்ஷயரோகம். பல ஆண்டுகளாக மற்றவர்களின் மார்பில் கேட்டு எழுதின அந்தத் தீர்ப்பு இப்போது அவருக்கே வந்தது. அவர் கண்டுபிடித்த கருவி நோயை வெளிப்படுத்திற்று. அதைத் தீர்க்கும் மருந்தோ அன்று எவரிடமும் இல்லை.

பிரிட்டனியின் கடற்காற்றை நாடித் தம் பண்ணை வீட்டுக்குப் போனார். 1826-ம் ஆண்டு ஆகஸ்டு 13-ந் தேதி முடிவு வந்தது. சாவதற்குச் சற்று முன்பு, தம் விரல்களிலிருந்த மோதிரங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்தார். எப்படியும் வேறொருவர் பிறகு அதைச் செய்ய வேண்டியிருக்குமே, அந்த வருத்தத்தை அவர்களுக்கு ஏன் கொடுக்க வேண்டும் என்பதே அவருடைய எண்ணம். சாகும் வேளையிலும் பிறருடைய துக்கத்தையே நினைத்தார். அவருக்கு வயது 45. தம் ஸ்டெதாஸ்கோப்பை மெரியாதெக்குக்கு விட்டு, தம் ஆஸ்தியில் அதுவே மேலான பாகம் என்று எழுதிவைத்திருந்தார்.

1882-ல் டாக்டர் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்தார். 1940-க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் மருந்தும் வந்தது. லாயெனெக்கையும், அவர் தம்பியையும், நண்பரையும் கொண்டுபோன நோய் இன்று குணமாகக்கூடியது. அப்படியிருக்க, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தும் வெட்கத்தாலோ பயத்தாலோ அதை மறைத்து வைப்பது சரியல்ல. அது தனக்கும் தன் பிள்ளைகளுக்கும் செய்யும் அநியாயம். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இதற்குப் பரிசோதனையும் மருந்தும் இலவசமாகவே கிடைக்கின்றன.

பிரியமான பங்கு மக்களே, திருச்சபை லாயெனெக்குக்கு அர்ச்சியசிஷ்டர் பட்டம் கொடுக்கவில்லை. அவர் நம்மைப்போல் சம்சாரி. தம் தொழிலைச் செய்து, ஜெபமாலை சொல்லி, நோயுற்று இறந்தவர். ஆனால் பொறுமையாகக் காது கொடுப்பது எவ்வளவு பெரிய தர்மம் என்பதை அவருடைய வாழ்வு நமக்குக் கற்பிக்கிறது. நம் வீட்டிலே படுக்கையில் கிடக்கும் வயோதிகர் ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லலாம். பள்ளியிலிருந்து வரும் பிள்ளை ஒன்றும் பேசாமல் மூலையில் உட்காரலாம். அவர்களண்டை உட்கார்ந்து, நம்முடைய சத்தத்தைச் சற்று அடக்கிக்கொண்டால்தான் அவர்களுடைய இருதயத்தில் இருப்பது நமக்குக் கேட்கும்.

ஆதியிலே மனிதனுக்குள் சுவாசத்தை ஊதினவர் சர்வேசுரன். அந்தச் சுவாசமும் இருதயமும் ஒன்றுக்கொன்று இசைந்து நடக்கும்படி ஏற்படுத்தினவரும் அவரே. அடுத்த முறை டாக்டர் நம்மை மூச்சை இழுத்து விடச் சொல்லும்போது, அந்தச் சிருஷ்டிகருக்கு மனதுக்குள் நன்றி சொல்லுவோம். லாயெனெக்கின் ஆத்துமத்துக்காகவும், நம் நோயாளிகளுக்காகவும், அவர்களைப் பராமரிக்கும் டாக்டர்கள், நர்ஸுகளுக்காகவும், இந்த வாரம் குடும்ப ஜெபத்தில் ஒரு அருள் நிறைந்த மந்திரம் சொல்லுவோமாக.